நோரா மில் மக்காச்சோள மாவு: இரும்புச் சட்டிக் கார்ன்பிரெட்டும் அதன் சத்துக் கணக்கும்

கார்ன்பிரெட் உடம்புக்கு நல்லதா என்று யாராவது கேட்டால், எந்தக் கார்ன்பிரெட் என்று திருப்பிக் கேட்பேன். நாங்கள் இருக்கும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரே பெயரில் இரண்டு பண்டங்கள் உலவுகின்றன. ஒன்றில் மக்காச்சோள மாவு, மோர், முட்டை, உப்பு, கொஞ்சம் வெண்ணெய், அவ்வளவுதான். இன்னொன்றில் பாதி மைதா, தாராளமாகச் சர்க்கரை, தாராளமாக எண்ணெய். பார்பிக்யூ கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது இரண்டாவது. அதைக் கேக் என்று சொல்லிக் கொடுத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ரொட்டி என்று சொல்லிக் கொடுப்பதால்தான் "மக்காச்சோளம்தானே, நல்லதுதானே" என்று நம் ஆட்கள் இரண்டு துண்டு கூடுதலாக எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் டயட்டீஷியன் இல்லை. அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங்கில் இருக்கிறேன், கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி எல்லைக்கோட்டில் நிற்கிறது. அதனால் அடுப்படியில் ஒரு தராசு உண்டு. வீட்டம்மா அதைப் பார்த்து, "என்னங்க, சாப்பிடப் போறீங்களா, ஆடிட் பண்ணப் போறீங்களா?" என்று கேட்பது வழக்கம். இரண்டும்தான். இந்த விமர்சனமும் இரண்டும்தான்: ஹெலன் ஊர் நோரா மில்லில் விற்கும் மாவைப் பற்றியும், அதை வைத்து வீட்டில் செய்யும் கார்ன்பிரெட்டில் ஒரு துண்டுக்கு என்ன இருக்கிறது என்பதைப் பற்றியும். சத்து எண்களுக்கு அமெரிக்க வேளாண் துறையின் உணவுத் தரவுகளை எடுத்துக்கொண்டேன். கூட்டலும் வகுத்தலும் என்னுடையவை.

முதலில் ஆலை. அட்லாண்டா பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஹெலனைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இலையுதிர் காலத்தில் ஜிஏ 400 நெடுஞ்சாலையில் ஏறினால் முன்னால் போகும் வண்டியிலும் பின்னால் வரும் வண்டியிலும் நம்மவர்கள் இருப்பார்கள். ஜெர்மன் மலைக் கிராமம் போல வேஷம் கட்டிய அந்த ஊருக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால், சட்டஹூச்சி ஆற்றங்கரையில் ஒரு பழைய மரக் கட்டடம். 1876-இல் தொடங்கிய மாவு ஆலை. ஆற்றுத் தண்ணீரை மரக் கால்வாயில் திருப்பி டர்பைனைச் சுழற்றி, பிரெஞ்சு பர் கற்களில் அரைக்கிறார்கள். பின்னாளில் ஜார்ஜியா ஆளுநரான லாமார்ட்டின் ஹார்ட்மேன் ஆலையை வாங்கித் தன் சகோதரி நோராவின் பெயரை வைத்தார். ஆலைக்குக் கொஞ்சம் முன்னாலேயே வயல் நடுவே, பூர்வகுடிகள் எழுப்பிய நாக்கூச்சி மண்மேடு தெரியும். இந்தப் பள்ளத்தாக்கில் பூர்வகுடிகள் மக்காச்சோளம் விளைவித்துத் தின்ற காலத்தோடு ஒப்பிட்டால் 1876 எல்லாம் நேற்றைய சங்கதி. அதே ஆறுதான் கீழே வந்து லேக் லேனியரில் தேங்கி எங்கள் வீட்டுக் குழாயில் வருகிறது. இதனால் மாவின் சத்து கூடப்போவதில்லை, எனக்குச் சொல்லப் பிடிக்கும், அவ்வளவுதான்.

இனி மாவு. பையைப் பிரித்துக் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். கடை மாவு போல ஒரே சீராக இருக்காது. கொஞ்சம் ரவைப் பதம், கொஞ்சம் நைஸ் மாவு, இடையிடையே மெல்லிய தவிட்டுச் செதில், அங்கங்கே கறுப்பும் பழுப்புமாகப் புள்ளி. முதல் முறை வாங்குகிறவர்கள் அந்தப் புள்ளியைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அது அழுக்கு இல்லை, மணி கதிரோடு ஒட்டியிருந்த காம்பு முனை. விரலில் தேய்த்தால் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். மூக்கருகே கொண்டுபோனால் பச்சைக் கதிரின் இனிப்பு மணம் வரும். பிசுக்கு, மணம் இரண்டுமே மணியின் முளையிலிருந்து வருகிறவை. முளையும் தவிடும் மாவிலேயே இருக்கின்றன என்பதற்கு இவைதான் அத்தாட்சி.

சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் சாதாரண மாவில் முளையை எடுத்துவிடுகிறார்கள். பையின் பின்புறம் 'டீஜெர்மினேட்டட்' என்று போட்டிருந்தால் அதுதான் அர்த்தம். காரணம் எளிது. முளையில் எண்ணெய் இருக்கிறது, எண்ணெய் இருந்தால் மாவு சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும், கடை அலமாரியில் மாதக்கணக்கில் நிற்காது. எடுத்த முளையும் வீண் போவதில்லை, மக்காச்சோள எண்ணெயாகி வேறு அலமாரிக்கு வந்துவிடும்.

இந்த இரண்டு மாவுக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம்? கலோரியில் ஒன்றும் இல்லை. 100 கிராமுக்கு முழு மாவில் 362, முளை நீக்கியதில் 370. மாவுச்சத்தும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 77 கிராமுக்கும் 80 கிராமுக்கும் இடையில். புரதம் 8-க்கு 7. வித்தியாசம் தெரிவது நார்ச்சத்தில்: முழு மாவில் 7 கிராமுக்குக் கொஞ்சம் மேல், மற்றதில் 4-க்குக் கொஞ்சம் கீழ். அப்புறம் மக்னீசியம்: 127 மில்லிகிராமுக்கு எதிரே 32. நாலில் ஒரு பங்கு. முளையோடும் தவிட்டோடும் போனது அவ்வளவு.

இங்கே கல்லில் அரைத்த மாவுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் வழக்கமாக நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அது நேர்மையான கணக்காகப் படவில்லை. முளை நீக்கிய மாவில் 'என்ரிச்டு' என்று போட்டிருந்தால் இரும்பு, நயாசின், தயாமின், ரைபோஃப்ளேவின், ஃபோலிக் அமிலம் (கடைசி நான்கும் பி வைட்டமின்கள்) எல்லாம் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். என்ரிச்டு மாவுகளில் ஃபோலிக் அமிலம் 1998-லிருந்து கட்டாயம். ஆகவே ஃபோலேட் என்ற அந்த வைட்டமினில் ஆலைக் கல் மாவு பெரிய கம்பெனி மாவிடம் தோற்கிறது, அதுவும் பல மடங்கு. இரும்பிலும் அது ஒரு மாற்று குறைவுதான். ஃபோலேட் முக்கியமாகத் தேவைப்படும் கர்ப்பிணிப் பெண் இருக்கும் வீட்டில், "கல்லில் அரைத்ததுதான் எல்லாவற்றிலும் உசத்தி" என்று நான் சொல்ல மாட்டேன்.

நயாசின் விஷயம் இன்னும் சுவாரசியமானது, இந்த மண்ணோடு சம்பந்தப்பட்டதும்கூட. மக்காச்சோளத்தில் நயாசின் இல்லாமல் இல்லை. ஆனால் பெரும்பகுதி மற்ற பொருள்களோடு பிணைந்து கிடக்கிறது, நம் குடலால் அதைப் பிரித்து எடுத்துக்கொள்ள முடியாது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பூர்வகுடிகள் மணியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப்போட்டு அரைத்தார்கள். அந்தச் சுண்ணாம்பின் காரத்தன்மை நயாசினை விடுவித்துக் கொடுத்தது. இன்றைக்கும் டார்ட்டியா ரொட்டி மாவு அப்படித்தான் தயாராகிறது. கார்ன்பிரெட் மாவுக்கு இந்தச் சுண்ணாம்பு வைத்தியம் கிடையாது. அதோடு மக்காச்சோளப் புரதத்தில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் குறைவு. உடம்பு நயாசினைத் தானே தயாரித்துக்கொள்ள அதுதான் மூலப்பொருள். முன்வாசலும் பின்வாசலும் சேர்ந்தே அடைத்துக்கொண்ட நிலைமை.

இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் அமெரிக்கத் தென்மாநிலங்களை பெல்லாக்ரா என்ற நோய் பிடித்து ஆட்டியது இதனால்தான். தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, புத்தி பேதலிப்பு, கடைசியில் சாவு. குத்தகை விவசாயிகளும் பஞ்சாலைத் தொழிலாளர்களும் மக்காச்சோள மாவு, பன்றிக் கொழுப்பு, கரும்புப் பாகு என்று மூன்றை மட்டுமே மாற்றி மாற்றித் தின்று வாழ்ந்த காலம். சுமார் 30 லட்சம் பேருக்கு நோய் கண்டதாகவும் ஒரு லட்சம் பேர் இறந்ததாகவும் மதிப்பிடுகிறார்கள். இது தொற்றுநோய் என்று மருத்துவ உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, 1914-இல் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அரசு மருத்துவர் சாப்பாட்டைப் பார்த்தார். எங்கள் ஜார்ஜியாவின் மில்லெட்ஜ்வில் மனநல மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பால், முட்டை, பீன்ஸ், இறைச்சி சேர்த்துக் கொடுக்க வைத்தார். நோய் விலகியது. தொற்று இல்லை என்று நிரூபிக்க நோயாளிகளின் ரத்தத்தைத் தனக்கும் தன் சகாக்களுக்கும் ஊசியில் ஏற்றிக்கொண்டார், அவர் மனைவியும் சேர்ந்துகொண்டார். அப்படியும் பலர் ஒத்துக்கொள்ளவில்லை. குறைபாடு நயாசின்தான் என்று தெரியவந்தது 1937-இல் விஸ்கான்சினில் கான்ராட் எல்வேஜெம் செய்த ஆய்வுக்குப் பிறகு. கோல்ட்பெர்கர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்.

இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். வாரம் ஒருநாள் கார்ன்பிரெட் சாப்பிடுகிறவனுக்கு பெல்லாக்ரா வராது. நான் சொல்ல வருவது வேறு. கோல்ட்பெர்கர் கொடுத்த மருந்தில் பாலும் முட்டையும் இருந்தன என்று மேலே சொன்னேன் அல்லவா? நல்ல கார்ன்பிரெட்டின் செய்முறையில் அவை இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. சத்துக் கணக்கில் இந்த ரொட்டியைத் தூக்கி நிறுத்துவது அவைதான். எப்படி என்று பார்க்கலாம்.

நான் செய்யும் முறை: இரண்டு கப் கல் மாவு, அதாவது 244 கிராம். ஒன்றரைக் கப் மோர், இரண்டு முட்டை, மூன்று டேபிள்ஸ்பூன் உப்பில்லாத வெண்ணெய், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சமையல் சோடா, அரை டீஸ்பூன் உப்பு. மைதா இல்லை, சர்க்கரை இல்லை. மோர் என்றால் இங்கே அட்டைப்பெட்டியில் வரும் கெட்டியான பட்டர்மில்க். அது இல்லாதபோது வீட்டுத் தயிர் புளித்திருந்தால் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கடைந்து ஊற்றிவிடுவேன், ஒரு குறையும் தெரிவதில்லை. சொல்லப்போனால் புளிப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் எங்கள் வீட்டில் இன்னும் பிடிக்கும்.

மாவையும் மோரையும் மட்டும் முதலில் கலந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கல் மாவில் ரவைப் பதத் துகள்கள் இருப்பதால் ஊறாமல் சுட்டால் பல்லில் மணலாக நெருடும். அதற்குள் 10 அங்குல இரும்புச் சட்டியை வெறுமனே ஓவனில் வைத்து 425 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். என்னிடம் இருப்பது டென்னசி மாநிலம் சவுத் பிட்ஸ்பர்க்கில் 1896-லிருந்து இரும்பு வார்க்கும் லாட்ஜ் கம்பெனியின் சட்டி. அந்தச் சின்ன ஊரில் வருடா வருடம் தேசியக் கார்ன்பிரெட் திருவிழாவே நடக்கிறது. ஊறிய மாவில் முட்டை, உப்பு, சோடா, பவுடர் சேர்த்துக் கலக்கியபின் சட்டியை வெளியே எடுத்து வெண்ணெயைப் போடுங்கள். அது நுரைத்துப் பொங்கி ஓரம் பழுப்பாகும்போது பாதியை மாவுக்குள் ஊற்றிக் கலக்கிவிட்டு, மாவு மொத்தத்தையும் சட்டியில் கொட்ட வேண்டும். சொய்யென்று சத்தம் வர வேண்டும். வந்தால் அடி மொறுமொறுப்பாகப் பிடிக்கும். வரவில்லை என்றால் சட்டி சூடாகவில்லை, ரொட்டி வெளுத்து அடியில் ஒட்டிக்கொள்ளும். இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிஷம். ஓரம் சட்டியை விட்டு விலகி நடுவில் வெடிப்பு விழுந்தால் ஆயிற்று. தட்டில் கவிழ்த்தால் அடிப்பக்கம் மேலே வரும். முறுகலான அந்தப் பழுப்புத் தோலை உடைத்தால் உள்ளே ஈரமும் பொறபொறப்பும் கலந்து, நாக்கில் வைக்கும்போது மக்காச்சோளத்தின் சொந்த இனிப்பு மட்டும் மெதுவாகத் தெரியும்.

இப்போது கணக்கு. மாவில் 884 கலோரி, மோரில் 147, முட்டையில் 144, வெண்ணெயில் 306. மொத்தம் 1,481. எட்டாக வெட்டினால் துண்டுக்கு 185 கலோரி. மாவுச்சத்து 26 கிராம், புரதம் ஐந்தரை கிராம், கொழுப்பு 7 கிராம், நார்ச்சத்து 2 கிராமுக்குக் கொஞ்சம் மேல், மக்னீசியம் 45 மில்லிகிராம் சுமார். சட்டியில் உள்ள மொத்தப் புரதம் 44 கிராம். அதில் மாவின் பங்கு 20 மட்டும்தான். மீதி மோரும் முட்டையும் கொடுத்தது. அந்தப் புரதத்தில் மக்காச்சோளத்தில் குறைவாக உள்ள லைசின், டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலங்கள் இருக்கின்றன. அதனால்தான் வெறும் தண்ணீர் விட்டுச் சுடும் பழைய ஏழை வீட்டுக் கார்ன் போனும் இந்த ரொட்டியும் சத்துக் கணக்கில் வேறு வேறு ஜாதி.

இனிப்புக் கார்ன்பிரெட்டையும் இதே தராசில் நிறுத்துவோம். பரவலாகப் புழங்கும் செய்முறை: ஒரு கப் முளை நீக்கிய மாவு, ஒரு கப் மைதா, மூன்றில் இரண்டு பங்கு கப் சர்க்கரை, ஒரு கப் பால், ஒரு முட்டை, மூன்றில் ஒரு பங்கு கப் எண்ணெய். எட்டுத் துண்டு போட்டால் ஒன்றுக்கு 300 கலோரி வந்து நிற்கிறது. மாவுச்சத்து 45 கிராம், நார்ச்சத்து ஒரு கிராமுக்குச் சற்று மேல். சேர்த்த சர்க்கரை மட்டும் 16 கிராமுக்கு மேல், அதாவது நாலு டீஸ்பூன். அமெரிக்க இதய சங்கம் பெண்களுக்கு ஒருநாளைக்கு 25 கிராம், ஆண்களுக்கு 36 கிராம் சேர்த்த சர்க்கரைதான் உச்சவரம்பு என்கிறது. பார்பிக்யூ தட்டின் ஓரத்தில் கேட்காமலேயே வந்து உட்காரும் துண்டில் ஆணுக்குக் கிட்டத்தட்டப் பாதி வரம்பும், பெண்ணுக்கு மூன்றில் இரண்டு பங்கு வரம்பும் போய்விடுகிறது. அதன் மேல் தேன் கலந்த வெண்ணெய் வேறு தடவித் தருவார்கள்.

தென்மாநிலங்களில் பழைய ஆட்கள் கார்ன்பிரெட்டில் சர்க்கரை போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆலைகள் மாறி முளை போனபோது மாவின் இயல்பான சுவையும் போய்விட்டது, அதை ஈடுகட்டத்தான் சர்க்கரையும் மைதாவும் உள்ளே வந்தன என்று இங்கே சமையல் வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வதுண்டு. இரண்டு மாவையும் சர்க்கரையில்லாமல் சுட்டு அடுத்தடுத்து தின்று பார்த்தால் அவர்கள் சொல்வது சரி என்றுதான் தோன்றும். முளை நீக்கிய மாவில் சுட்டது சப்பென்று அட்டை தின்பது மாதிரி இருக்கிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரை போடாத கார்ன்பிரெட் என்பதால் அள்ளிச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு துண்டில் 26 கிராம் மாவுச்சத்து என்றேன், அது ஏறத்தாழ இரண்டு இட்லி. கோதுமைக்குப் பதில் மக்காச்சோளம் என்பதற்காக ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருக்காது. மக்காச்சோள மாவும் வேகமாகச் செரித்து ஏறும் வகைதான், கல்லில் அரைத்தது ஓரளவுக்குத்தான் தணிக்கும். நான் ஒரு துண்டோடு எழுந்துவிடுவேன். இரண்டாவது துண்டு வேண்டுமென்றால் அன்றைக்கு இரவு சோறு கிடையாது.

துண்டை எதோடு சாப்பிடுகிறோம் என்பதில்தான் மீதிக் கணக்கு இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக கார்ன்பிரெட்டோடு வைத்துக்கொள்வது பின்டோ பீன்ஸ் அல்லது காராமணி, பக்கத்தில் கொலார்டு கீரை. புத்தாண்டு அன்று காராமணி, கொலார்டு, கார்ன்பிரெட் மூன்றும் சாப்பிட்டால் அதிர்ஷ்டம் என்று நம்பிக்கை. காராமணி நாணயம், கீரை டாலர் நோட்டு, ரொட்டி தங்கம். அதிர்ஷ்டம் எப்படியோ, அரைக் கப் வெந்த காராமணியில் ஆறரை கிராம் புரதமும் ஐந்தரை கிராம் நாரும் நிச்சயம். பயறில் தாராளமாக இருக்கும் லைசின் மக்காச்சோளத்தின் குறையை அடைத்துவிடும், நாரும் சேர்ந்து சர்க்கரை ஏறும் வேகத்தைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். வெந்த கொலார்டு ஒரு கப்பில் 250 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. இங்கே கொலார்டையும் பயறையும் பன்றி எலும்பு போட்டு வேகவைப்பார்கள். வீட்டம்மா அதற்குப் பதிலாகக் காராமணியைச் சின்ன வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய் தாளித்துச் செய்கிறாள். கார்ன்பிரெட் அதைக் குறை சொல்லாமல் ஏற்றுக்கொள்கிறது.

மறுநாள் மிச்சம் இருந்தால் உள்ளூர் வழி ஒன்று உண்டு: ஆறிய ரொட்டியை உயரமான கிளாஸில் பிய்த்துப் போட்டு, குளிர்ந்த பட்டர்மில்க் ஊற்றி, ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடுவது. கேள்விப்பட்டவுடன் அருவருப்பாக முகம் காட்டிய என் மகன், இப்போது அதில் பச்சை வெங்காயம் நறுக்கிப் போட்டுக் கேட்கிறான். எந்த ஊர்க்காரன் என்று ரத்தத்தில் இருக்கிறது போல.

உப்பைப் பற்றிச் சுருக்கமாக. என் செய்முறையில் துண்டுக்குச் சோடியம் 335 மில்லிகிராம் சுமார். அதில் சாப்பாட்டு உப்பு பாதிகூட இல்லை, மீதி சோடா, பேக்கிங் பவுடர், மோர் வழியாக வருகிறது. ஒருநாள் வரம்பு 2,300 என்பதால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை இன்னும் குறைத்துக்கொள்ளலாம், சுவை பெரிதாகக் கெடாது. சூப்பர் மார்க்கெட்டில் 'செல்ஃப் ரைசிங்' என்று வரும் மாவில் உப்பும் சோடாவும் முன்பே சேர்ந்திருக்கும், அதன் மேல் நீங்களும் போட்டால் வாயில் வைக்க முடியாது. பலவற்றில் மைதாவும் கலந்திருக்கும். பெட்டியில் வரும் ரெடி மிக்ஸ் வாங்குகிறவர்கள் பக்கவாட்டில் உள்ள பொருள் பட்டியலைப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும் என்பது இங்கே சட்டம். கார்ன்பிரெட் மிக்ஸ் என்ற பெயரில் முதலில் கோதுமை மாவும் மூன்றாவதாகச் சர்க்கரையும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சைவக்காரர்கள் இன்னொன்றையும் தேட வேண்டும்: 'லார்டு' என்றிருந்தால் அது பன்றிக் கொழுப்பு.

வேறு மாவில் முடியாதா என்றால், முடியும். இந்தியக் கடையில் மக்கி ஆட்டா என்று வரும் மாவில் செய்து பார்த்திருக்கிறேன். நைஸாக அரைத்திருப்பதால் ரொட்டி இறுகிப்போகிறது. பாதி மக்கி ஆட்டா, பாதி கல் மாவு என்றால் நன்றாகவே வருகிறது. ஆனால் வெள்ளையாக, தொட்டால் கிறீச்சிடும் கார்ன்ஃப்ளார் இதற்கு உதவாது, அது வெறும் ஸ்டார்ச். பசையாகத்தான் வரும்.

மஞ்சளா வெள்ளையா என்பதில் தென்னகத்துப் பெரியவர்கள் வெள்ளைக் கட்சி. நான் மஞ்சள். மஞ்சள் மணியில் லூட்டீன், சியாசாந்தின் என்ற நிறமிகள் இருக்கின்றன, கண்ணுக்கு வேண்டியவை. வெள்ளையில் அவை அநேகமாக இல்லை. மற்றச் சத்துகளில் பெரிய பேதம் கிடையாது. சுவையில் வெள்ளை கொஞ்சம் மென்மை, மஞ்சள் கொஞ்சம் அழுத்தம்.

கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத செலியாக் நோய் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மக்காச்சோளத்தில் குளூட்டன் இல்லை, ஆனால் நோரா மில் போன்ற பழைய ஆலைகளில் கோதுமைப் பண்டங்களும் விற்கிறார்கள். அவர்களுக்கு 'குளூட்டன் ஃப்ரீ' என்று சான்றோடு வரும் பை வாங்குவதுதான் பத்திரம்.

விலை சூப்பர் மார்க்கெட் மாவைவிடக் கூடுதல்தான். ஆனால் துண்டுக்கு 30 கிராம் மாவுதான் போகிறது என்பதால் நான் யோசிப்பதில்லை. சின்னப் பையாக வாங்குங்கள். ஹெலனிலிருந்து திரும்பும் உற்சாகத்தில் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்து அலமாரியில் வைத்தால் கோடையில் சிக்குவாடை வந்துவிடும், முளை இருக்கும் மாவுக்கு அதுதான் விதி. பிரித்தவுடன் காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி ஃப்ரீசரில் வையுங்கள். வாங்கும் நாளில் நல்ல வெயில் என்றால் காரின் டிக்கியில் விட்டுவிட்டு அருவி பார்க்கப் போகாமல், ஊர் சுற்றி முடித்துத் திரும்பும் வழியில் வாங்குங்கள். ஹெலன் பக்கம் வர முடியாதவர்களுக்கு அஞ்சலிலும் அனுப்புகிறார்கள்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அந்த அரை, ஃபோலேட்டுக்காகவும் நயாசினுக்காகவும் பிடித்தது. அங்கே கிரிட்ஸும் (மக்காச்சோள ரவைக் கஞ்சி) பிரமாதமாக இருக்கும். ஆனால் வெண்ணெயும் சீஸும் இல்லாமல் கிரிட்ஸ் சாப்பிடுகிறவரை இந்த ஊரில் நான் இன்னும் பார்க்கவில்லை, அதனால் அந்தக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவில்லை.